நனைந்தால் கோல்

கோட்டைக்குப்பம் அணி இந்த வருடம் தோற்கவேயில்லை. அதன் பெயரைக் கேட்டாலே பூபதிக்கு எரியும்.

“அதெல்லாம் ஒரு டீமா? பந்து கோட்டுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. ரெஃப்ரி கோல்னு குடுத்துட்டான்.”

“பந்து நனைஞ்சிச்சா இல்லியா?” என்றான் படகில் எதிரே சாய்ந்திருந்த லோகேஷ், அந்த அணியின் ரசிகன்.

ஏரி வற்றிய திடலில்தான் ஆட்டம். கம்பங்களுக்கு இடையே தண்ணீரின் விளிம்பே கோல் கோடு. பந்து நனைந்தால் கோல்.

“தண்ணிதான்டா பந்துகிட்ட வந்துச்சு!”

இன்று முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறியதில் அந்தத் திடலே ஏரிக்குள் கிடந்தது. கோல் கம்பங்களுக்கு நடுவே பூநாரைகள் கனவில்போல நின்றன. பூபதி படகு தள்ளும் கழியை மடியில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்தான். படகு சத்தமில்லாமல் மிதந்தது. பூநாரைகள் மெல்ல விலகி வழிவிட்டன. கம்பங்கள் இருபுறமும் கடந்துபோயின.

“கோல்,” என்றான் லோகேஷ்.

“நான் தள்ளவேயில்லடா!”

“யார் தள்னா இன்னா? உள்ள வந்துடுச்சில்ல.”