யெக்குமி

வாய்க்கட்டின் முடிச்சு மறுபடியும் நழுவியது. லெட்சுமி வெள்ளைத் துணியைப் புருசனின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் இழுத்துக் கட்டினாள். வாதத்தில் கோணிய வாய், உயிர் போன பிறகும் கோணலாகத்தான் மூடியது.

"விடு லெட்சுமி, நான் கட்டுறேன்" என்றாள் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பெரியாயி.

"வேணாங்க்கா. எனக்குப் பழகுன வாயி."

ரெங்கசாமி கங்காணியாக இருந்தபோது மேல்மலையில் நின்று போடும் சத்தம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கடைசி லயத்து வீடுகள் வரை கேட்கும். வாதம் வந்து விழுந்து எழுந்தவருக்கு நாக்கின் நுனி செத்துப்போயிருந்தது. பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருந்த மகன் ரமேஸ் வந்து பார்த்துவிட்டு, "வெறும் சத்தந்தான் வருது" என்றான். லயமும் அதையே பிடித்துக்கொண்டது.

லெட்சுமிக்கு அது வெறும் சத்தமாகப் படவில்லை. உதட்டில் பிறக்கும் ப, ம, வ பழையபடி வந்தன. தொண்டைப் பக்கத்துக் க-வுக்கும் குறைவில்லை. நுனிநாக்கு வேண்டிய எழுத்துகள்தான் வீடு மாறியிருந்தன. த, ட, ச எல்லாம் க-விடம் போய் ஒண்டிக்கொண்டன. ல, ள, ர எல்லாம் ய ஆயின. காது, காடு, காசு மூன்றுமே 'காகு'. ஆனால் காட்டுக்கு மோவாயைக் கீழே அழுத்துவார். காசுக்குக் கடைசியில் ஒரு மூச்சு விடுவார். காதுக்கு ஒன்றும் செய்யமாட்டார். நாக்கு அழித்த வித்தியாசத்தை மனுசன் வேறு வழியில் காப்பாற்றி வைத்திருந்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் லெட்சுமி அந்தப் பாஷையைப் படித்துவிட்டாள். அதில் அவள் பெயர் யெக்குமி.

ரமேஸ் நம்பவே இல்லை. அவள் அவனைப் பெற்றவள் அல்ல. அவன் தாய் பாக்கியம் செத்த பிறகு வந்தவள். "தம்பி, ஒன் வீட்டுக்கு வரமாட்டாராம்" என்றாலும், "கருவாடு கேக்குறாரு" என்றாலும் அவனிடம் ஒரே கேள்விதான்.

"அப்பா சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா சின்னம்மா?"

இன்று காலை டீத்தண்ணி ஊட்டும்போது ரெங்கசாமி கரண்டியைத் தள்ளிவிட்டு, "பாக்கியம் பக்கம்" என்றார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

அதைப் புரிந்துகொள்ள எந்தப் பாஷையும் படிக்க வேண்டியதில்லை. செத்த நாக்கு தொட வேண்டிய எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. வாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் முழுசாக வந்த ஒரே பெண் பெயர் முதல் பெண்டாட்டியின் பெயர்.

தோட்டத்து மயானத்தில் பாக்கியத்தின் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். அதைத் தாண்டினால் தண்ணீர் ஓடும் கான். மேட்டில் சவுக்கு மரத்தடியில் இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. அவர் நன்றாக நடமாடிய காலத்தில் அந்த இடத்தைக் காட்டி, "நம்ம ரெண்டு பேருக்கும்" என்று சொல்லியிருந்தாள். சரி என்றுதான் தலையாட்டினார்.

ரமேஸ் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். குழி வெட்டப் போகிறவர்கள் மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"கடைசியா ஏதும் சொன்னாரா சின்னம்மா?"

பொய் நாக்குவரை வந்துவிட்டது. சவுக்கு மரத்தடி என்று சொன்னால் போதும். இல்லை என்று சொல்ல இனி ஆள் இல்லை. ஆனால் அவருடைய பேச்சில் ஒரு சொல்லைக்கூட அவள் இதுவரை மாற்றிச் சொன்னதில்லை. அந்த வீம்பு ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

"ஒங்கம்மா பக்கத்துல வைக்கச் சொன்னாரு."

அப்பா சொன்னாரா என்று ரமேஸ் கேட்கவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"இத்தன காலமா நீங்க சொன்னதுல, இதுதான் சின்னம்மா அப்பாவே பேசுன மாதிரி இருக்கு."

அப்படியானால் மற்றதெல்லாம்? கருவாடு, குளிர், முதுகுவலி என்று அவள் சொன்னதெல்லாம்? கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது. அவன் அழுது முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னேரம் பனி இறங்கத் தொடங்கியபோது, கானோரமாகக் குழி வெட்டியாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். வாசலில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வாய்க்கரிசி போட லெட்சுமியின் முறை வந்தது. அரிசியைப் போட்டுவிட்டு அவர் காதருகே குனிந்தாள். நுனிநாக்கைக் கீழே படுக்கவைத்து, அவர் பேசுவது போலவே கேட்டாள்.

"யெக்குமிக்கு எங்க?"

பின்னால் நின்ற ரமேஸ், "என்ன சொன்னீங்க சின்னம்மா?" என்றான்.

அவள் அவனுக்குச் சொல்லவில்லை. கோணிய பக்கத்தில் ஒட்டி நின்ற அரிசியை, டீத்தண்ணி ஊட்டியதும் துடைப்பது போலக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, பெட்டியை மூடச் சொன்னாள்.