கட்டைக்கு வந்த கயிறு

கயிற்றை மடியில் போட்டு, முழம் முழமாக விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுக்கொண்டிருந்தார் அவர். வெட்டிய கொப்பு தடாலென்று விழாமல், மரத்தடியில் நின்று கயிற்றில் மெல்ல இறக்குவது அவர் வேலை. உச்சியில் மரமறுக்கும் வாளோடு உட்கார்ந்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. ஏறுகிற லாவகத்தைப் பார்த்து அணில் என்றே பேராகிவிட்டது.

"மாமா, கயித்துக்கு நாடி பாத்தாச்சா? பொழைக்குமா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

ஓரிடத்தில் விரல் நின்றது. மேல்பின்னலில் ஒரு பிசிறு இல்லை. அழுத்தினால் உள்ளே மெத்தென்று அமுங்கியது. நேற்று சேற்றில் புதைந்த லாரியை மேஸ்திரி இந்தக் கயிற்றைக் கட்டித்தான் வெடுக்கென்று இழுக்கவைத்தார். வேண்டாம் என்றதற்கு வாயை மூடச் சொன்னார்.

"உள்ள செத்துப்போச்சு மாப்ள. தோல்தான் இருக்கு."

மேஸ்திரி வந்து கயிற்றைக் காலால் புரட்டினார். கட்டைவிரல் கனம் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றார். வேறு கயிறு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

"இது அறுந்தா எம்பேர மாத்திக்கிறேன்யா."

"நீங்க பேர மாத்திக்குவீங்க. நான் எம்பொண்டாட்டி மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அறுந்தால், விழுகிற கொப்பு அணிலைத் தாங்கும் கயிற்றையும் வாரிக்கொண்டு போகும். அதை விளக்கிச் சொல்ல அவருக்கு அலுப்பாக இருந்தது. கயிறே வேண்டாம், கைக்கு அடங்குகிற துண்டுகளாக அறுத்துப் போடுகிறோம் என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்ந்தாலும் அதே கூலிதான் என்று மேஸ்திரி நகர்ந்தார்.

பொழுது சாய்ந்தது. அணில் இறங்கியபோது வாளைப் பிடித்த விரல்கள் விரியவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறகு இருவரும் அடிமரத்தைச் சாய்த்து, துண்டுபோட்டு, உருட்டி லாரியில் ஏற்றினார்கள்.

மேஸ்திரி டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து அவர்மேல் எறிந்தார். கடை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இறுக்கிக் கட்டு. ஒரு கட்ட உருண்டாலும் எனக்கு நட்டம்."

பழக்கதோஷத்தில் அவர் விரல்கள் அதன்மேல் ஓடின. எங்கேயும் அமுங்கவில்லை.

"புதுசா மாமா?"

"ம். கட்டைக்கு."

முன்னால் இடமில்லை. இருவரும் கட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். லாரி தெரு முனை திரும்புவதற்குள் அணில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். கட்டியதுபோகப் புதுக்கயிற்றின் முனை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை இழுத்து அவன் இடுப்பைச் சுற்றினார். முடிச்சுப் போடும் அளவுக்கு எட்டவில்லை. முனையைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.