அலமாரியின் பின்பக்கம்

அத்தானின் தொழில் தீயணைப்புக் கருவிகளைச் சோதிப்பது. சோதிப்பது என்றால் தீ வைத்து அணைத்துப் பார்ப்பதல்ல. சுவரில் தொங்கும் சிவப்பு உருளையின் கழுத்தில் ஈயச் சீல் இருக்கிறதா, கம்பி அறுபடாமல் இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடுவது. இருபத்தாறு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒரு தீயைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பதைத் தன் தொழில் சாதனையாகவே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் கடல் மீன் வளர்த்தார். கூடத்தில் நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் பவளம், இறால், ஒரு மஞ்சள் மீன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி. ஜோடியில் பெண்ணுக்குப் பெரியவ என்று பெயர், ஆண் சின்னவன். இந்த இனத்தில் பெண்தான் உருவத்திலும் பெரிது, அதிகாரமும் அதற்குத்தான். அத்தானுக்கு இந்த விவரம் அவ்வளவாகப் பிடிக்காது. விருந்தாளிகளிடம் இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். பெரியவ வீட்டுக்கு வந்து பதினொரு வருடம். அக்கா விரலை நனைத்தால் போதும், மேலே வந்து முட்டும். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைப் பற்றி அவள் பேச மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். பெரியவளுக்குத் தலைவலி என்றால் அக்காவுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான்.

தொட்டியை விட அத்தானுக்குப் பெருமை, தொட்டிக்கான மருந்து அலமாரிதான். கூடத்தையும் குளியலறைக்குப் போகும் நடையையும் பிரிக்கும் தடுப்பாக அது நின்றது. கூடத்துப் பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே முப்பத்தெட்டுப் பொருள்கள்: வெள்ளைப் புள்ளிக்கு மருந்து, பூஞ்சைக்கு மருந்து, குளோரின் நீக்கி, கரித்தூள், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு, மாற்று ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், டெஸ்ட் கிட்டுகள். எல்லாம் முகத்தைக் கூடத்துக்குக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் புகைப்படத்துக்கு நிற்பது போல நின்றன. இரண்டு கைப்பிடிகளையும் இணைத்துக் கம்பி, கம்பியில் ஈயச் சீல்; அவசரம் என்றால் மட்டுமே அதை வெட்டலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று டார்ச் அடித்து லேபிள்களைப் படிப்பார், சீலைத் தடவிப் பார்ப்பார், அட்டையில் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியிலிருந்து காப்பிக்கு இறங்கி வந்தபோது அக்கா தொட்டியின் பக்கவாட்டில் முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இங்க வா. பெரியவளப் பாரு."

பெரியவ பம்பிலிருந்து தண்ணீர் வேகமாக வரும் இடத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சரிவாகப் பார்த்தபோதுதான் உடம்பு முழுக்க முகப்பவுடர் தூவியது போல இருந்தது.

"வெல்வெட் நோய்," என்றாள் அக்கா. "செவுள்ள ஏறிடுச்சு. இன்னிக்கே காப்பர்ல போடலன்னா நாளைக்கு இவ இல்ல."

காப்பர் மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்ற முடியாது. இறாலும் பவளமும் செத்துவிடும். மீனைத் தனியாக வேறு தண்ணீரில் விட்டு, அளந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். இதெல்லாம் எனக்கு அக்கா சொன்னது.

அத்தான் கூடத்தில் அலமாரிக் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தார். மாலை நாலு மணிக்குக் கடல் மீன் வளர்ப்போர் சங்கத்தினர் இந்த அலமாரியைப் பார்வையிட வருவதாக ஏற்பாடு. சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத் தலைவர்கள் இருவர், துணைச் செயலாளர்கள் இருவர் போக, வெறும் உறுப்பினர் என்று மிச்சமிருந்தது அத்தான் ஒருவர்தான். அந்த நிலைமையை இன்றோடு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இருந்தார்.

"என்னங்க, பெரியவளுக்கு வெல்வெட். சீலை வெட்டுங்க."

அத்தான் துடைப்பதை நிறுத்தினார். முகத்தில் கவலை வரும் என்று பார்த்தேன். வந்தது வேறு ஏதோ.

"இன்னிக்கா? நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கு! அஞ்சு மணிக்கு எல்லார் முன்னாடியும் சீல் வெட்றேன். செயல் விளக்கம். சங்கத்து வரலாற்றிலேயே இப்படி ஒண்ணு நடந்ததில்ல."

"அஞ்சு மணி வரைக்கும் அவ மூச்சு விடணுமே."

"விடும், விடும். பதினோரு வருஷம் விட்டிருக்கு, இன்னும் ஆறு மணி நேரம் விடாதா?" என்று சொல்லிவிட்டு, பேச வேண்டியதை எழுத உட்கார்ந்தார்.

அக்கா என்னை நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அலமாரியின் முதுகில் ஒரு துண்டு தொங்கியது. எடுத்தாள். பின்பலகையில் ஆறு திருகுக்கு இடம் இருந்தது. இரண்டில்தான் திருகு இருந்தது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் கழற்றி, பலகையை என் கையில் கொடுத்தாள்.

"வாயத் தொறந்துட்டு நிக்காத. பிடி."

"எத்தனை நாளா இது?"

"நாலு வருஷம். அந்த மஞ்ச மீன் கல்லுல ஒரசிக்கிட்டப்ப மருந்து கேட்டேன். அட்டையை எடுத்து வச்சுக்கிட்டு, அவசரம்னா ஆறு வகை, இது எதுலயும் வரலன்னாரு. மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் கழட்டிட்டேன்."

ஆக, நாலு வருடமாக அத்தான் முன்பக்கம் சீலைச் சோதித்துக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கம் மீன்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தீர்ந்ததை வாங்கி வைப்பாள், மறந்தால் காலிப் பெட்டியைத் திரும்ப நிறுத்திவைப்பாள். லேபிள் மட்டும் முகம் திரும்பாமல் பார்த்துக்கொள்வாள்.

குளிர்காலக் கம்பளி வைக்கும் நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவிக் குளியலறையில் வைத்து, உப்புத் தண்ணீர் கலந்து நிரப்பினோம். ஹீட்டரும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பின்வழியாக வந்தன, அவற்றின் பெட்டிகள் முன்பக்கம் முகம் காட்டியபடியே நின்றன. தண்ணீர் சூடேறுவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரில் குளோரின் நீக்கி விட்டு, சூடு சரிபார்த்து, பெரியவளை அதில் ஐந்து நிமிடம் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். பிறகு பெட்டியில் விட்டாள். மூச்சு சற்று நிதானப்பட்டது.

"இது சும்மா ஒரு மூச்சு வாங்கிக்கத்தான். இனி காப்பர்."

"எடு, ஊத்திடலாம்."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த காப்பர் பாட்டில்ல இருக்கிறது கேக்குக்குப் போடுற நீலச் சாயம். போன தடவை தீர்ந்துபோச்சு. அப்ப கடையில இல்ல. கலர் வெளியில தெரியணும்ல? அப்புறம் மறந்தே போயிட்டேன்டா."

அத்தான் அஞ்சு மணிக்கு ஏழு பேர் முன்னால் கேக் சாயம் ஊற்றப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. அவள் பெட்டிக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். சங்கத் தலைவரும் அவர்தான்.

"அண்ணே, காப்பர் மருந்து ஒரு பாட்டில் அவசரமா வேணும்."

"இன்னிக்குக் கடை லீவுப்பா. உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன். ஆமா, ஊருக்கே வைத்தியம் பண்ற அலமாரி அங்க இருக்காமே, அதப் பார்க்கத்தானே எங்களக் கூப்பிட்டிருக்காரு?"

"அண்ணே, கேள்வி கேக்காம எடுத்துட்டு வாங்க. சட்டைப் பையில வச்சு எங்கிட்ட மட்டும் குடுங்க."

"சரி, எனக்கும் வீட்ல இப்படி ஒரு பீரோ இருக்கு," என்றார்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்தார். கைகுலுக்கும்போது பாட்டில் கை மாறியது. அக்கா ஊசி போடும் குழலில் அளந்து பாதியை ஊற்றினாள். ஒரு மணி நேரம் விட்டு டெஸ்ட் பண்ணிப் பார்த்துத்தான் மீதி. டெஸ்ட் கிட் அலமாரியின் மேல் தட்டில், முன்வரிசையில் இருந்தது. அதற்கு முன்னாலோ அத்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

பேச்சு ஐம்பது நிமிடம் ஓடியது. அவசரம் என்பதன் ஆறு வகைகள் முடிந்து, சீலின் ஈயம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதும் முடிந்தது. பொருளாளர் மூன்றாவது பிஸ்கட்டில் இருந்தார். அத்தான் கட்டிங் பிளேயரை உயர்த்திக் காட்டிவிட்டுக் கம்பியை வெட்டினார். கைதட்டினார்கள்.

"முதலில், மாற்று ஹீட்டர்," என்று பெட்டியை எடுத்தார். பெட்டி காற்றாக மேலே வந்தது. குலுக்கினார். பக்கத்து மேஜையில் வைத்தார். "அடுத்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர்." அதுவும் அப்படியே. ஒன்றும் நடக்காதது போல அதையும் மேஜையில் வைத்தார். தலைவர் நீல பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வாசனையா இருக்கே. வெனிலாவா?"

இரண்டு பெட்டிகளும் ஒரு பாட்டிலும் போன இடத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. அதன் வழியே நடையும், நடைக்கு அப்பால் திறந்த குளியலறையும், வெளிச்சத்தில் பிளாஸ்டிக் பெட்டியும் தெரிந்தன. எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் அக்காவின் முகம் வந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க. அந்த காப்பர் டெஸ்ட் கிட்டை எடுத்துக் குடுங்க, எனக்கு எட்டல."

அத்தான் அசையவில்லை.

"ஏங்க, ஒரு மணி நேரம் ஆச்சு. அளவு தெரியாம மீதிய ஊத்தினா செத்துடுவா. குடுங்க!"

இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு தீ அத்தானைப் பார்த்துப் பேசியது. அவர் டெஸ்ட் கிட்டை எடுத்தார், அலமாரிக்குள் கையை நீட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பெரியவ எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கா. வந்து வெளிச்சம் பிடிங்க, கலர் சரியாத் தெரியல."

போனார். பின்னாலேயே சங்கமும் போனது. குளியலறை வாசலில் ஏழு பேர் வரிசையில் நிற்க, அத்தான் உள்ளே டார்ச் பிடித்தார். அக்கா சின்னக் கண்ணாடிக் குப்பியை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, மீதி மருந்தில் பாதி மட்டும் விட்டாள். "இதுக்கு மேல நாளைக்குத்தான்," என்றாள். செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். பின்பலகையை யார் வடிவமைத்தது என்றும் அவர் விசாரித்தார்.

மறுநாள் சின்னவனும் மஞ்சள் மீனும் இன்னொரு பெட்டியில் அதே குளியலறைக்குக் குடிவந்தன. அத்தான் ஒரு மாதம் மாடியில் என் வீட்டில் குளித்தார். நாலாம் நாள் காலை, அக்கா நனைத்து நீட்டிய விரலைப் பெரியவ முட்டியது. அக்கா எழுந்து போய்ச் சமையலறையில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். யாரும் பின்னால் போகவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு அத்தான் அட்டையும் டார்ச்சுமாக வந்தார். முன்பக்கம் நிற்காமல் நேரே நடைக்குப் போனார். துண்டை விலக்கித் திருகுகளை எண்ணினார்.

"ஆறு இருக்கணும். ரெண்டுதான் இருக்கு."

"ரெண்டு போதும். ஆறையும் கழட்டிட்டு இருந்தா மீனு காத்திருக்காது."

அத்தான் கொஞ்சம் யோசித்தார். அட்டையில் எழுதினார்: பின்பக்கம் - திருகு இரண்டு. போதுமானது. கையெழுத்துப் போட்டு, பேனாவை அக்காவிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அதன் கீழே எழுதினாள்: காப்பர் பாதி பாட்டில். பேட்டரி வாங்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த அட்டையில் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.