அன்னக்கொடியின் கோப்பில் இருந்த தாள்

ஓய்வு பெற்ற பிறகும் சாதிகாவின் மனம் ஏங்குகிற இடம் ஒன்று உண்டென்றால், அது மதுரையில் அவள் முதன்முதலாக வேலை பார்த்த மருத்துவமனையின் ரெக்கார்டு ரூம்தான். பழுப்புக் கோப்புகளின் வாசம், கடகடக்கும் மின்விசிறி, நாலு மணி இஞ்சி டீ. டாக்டர்கள் எழுதிய ஒவ்வொரு நோய்க்கும் தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து எண் போடுவது அவள் வேலை. அந்த நாட்களை நினைத்தால் கூடவே அன்னக்கொடியும் வந்துவிடுவாள்.

எண்பத்துமூன்றில் சோழவந்தானிலிருந்து வந்தவள் அவள். மூன்று கர்ப்பம் கலைந்திருந்தது. டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி இருவரின் ரத்தத்தையும் குரோமோசோம் பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பினார். முடிவு வந்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். அன்னக்கொடியின் கோப்பில் இருந்த தாளில், இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதாகவும், எதுவும் குறையவில்லை என்றும் இருந்தது. சாதிகா புத்தகத்தைப் புரட்டி, உடல்நலம் உள்ளவரிடம் காணும் மாற்றத்துக்கான எண் 758.4 என்று கண்டுபிடித்து, பெருமையோடு எழுதினாள். அதைப் பார்த்த யாரோ, கோளாறு மருமகளிடம்தான் என்று மாமியார் சீனியம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். மகனுக்கு வேறு பெண் பார்க்கப்போவதாக வார்டிலேயே சொல்லிவிட்டுப் போனாள் சீனியம்மாள்.

இரண்டு நாள் கழித்து மாதப் பட்டியல் எழுதும்போது தாளின் முதல் வரி சாதிகாவின் கண்ணில் பட்டது. 46, எக்ஸ்ஒய். ஆணுக்குரிய குறி. தாள் புருஷன் முத்திருளனுடையது. கோப்பு மாறிச் செருகியிருக்கிறார்கள்; அவன் கோப்பில் இருந்த அன்னக்கொடியின் தாளில் ஒரு கோளாறும் இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, திரும்பி வந்த டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை, அந்தக் குடும்பத்தைக் கூட்டிவரச் சொன்னார். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சாதிகாவே சோழவந்தானுக்குப் போய் அழைத்துவந்தாள்.

இரண்டு புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள் மாறித் தைக்கப்பட்டது போல என்றார் டாக்டரம்மா. பக்கம் எதுவும் தொலையாததால் முத்திருளனுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்குப் போகும்போது சில தடவை கூடக்குறையப் போய்க் கர்ப்பம் கலைந்துவிடுகிறது, சில தடவை சரியாகவும் போகும்.

முத்திருளன் எழுந்தான். வெளியே பெஞ்சில் இருந்த தாயிடம் போனான்.

“ஆத்தா, அவ மேல ஒரு குத்தமும் இல்ல. என் ரத்தத்துலதான் இருக்கு. இனி அவள ஒரு சொல்லு சொன்னா நான் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்.”

சீனியம்மாள் பயந்துபோய், மகனுக்கு என்ன நோய் என்று சாதிகாவைக் கேட்டாள்.

“நோய் இல்லம்மா. நல்லா இருக்கிற ஆளுக்குப் போடுற நம்பர்தான் இது.”

அன்னக்கொடியிடம் சாதிகா மன்னிப்புக் கேட்டாள். அன்னக்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயே வந்து சொன்னியே தாயி. அம்புட்டுப் போதும்.”

மறுவருஷம் இன்னொரு கர்ப்பமும் கலைந்தது. எண்பத்தாறில் பெண் பிறந்தது. மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கவுளி வெற்றிலையோடு ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டார்கள். சாதிகாவின் மடியில் பிள்ளை தூங்கிப்போனது. அன்று பிற்பகல் அவள் ஒரு கோப்புக்கும் எண் போடவில்லை.