நாலு புள்ளி ஐந்து ஒன்பது

லூயிவில் அமெரிக்கக் கால்பந்து கிளப்பின் தேர்வு அறையில் ஒரு சுவர் முழுக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரும் விரல் நீளக் காந்தத் தகடு. மேல் வரிசையில் ஒட்டியவன் அதிர்ஷ்டக்காரன். கீழ் வரிசையில் ஒட்டியவனுக்கு ஏதோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. மேசை இழுப்பறைக்குள் போனவன் பிறக்கவே இல்லை.

டெவரிக் லாஸ்டரின் தகடு இரண்டுங்கெட்டானாக, தலைமைத் தேர்வாளர் கெஸ்லரின் கையில் இருந்தது. அதைச் சுண்டிச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தார்.

ரெனெல் அந்தக் கையையே பார்த்தாள். லூசியானா அவள் கிளப்புக்காக ஆள் தேடும் பகுதி. அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் லாஸ்டரைக் கண்டெடுத்தது அவள்தான். மூன்று இலையுதிர் காலம், பதினேழு ஆட்டம், மழையிலும் கொசுக்கடியிலும் உட்கார்ந்து பார்த்தவள். பெயர்தான் கால்பந்து; லாஸ்டரின் வேலை ஓடிப்போய், எறிகிற பந்தைக் கையால் பிடிப்பது. அவனைப் போலப் பிடிக்கிற ரிசீவரை அவள் பார்த்ததில்லை.

"உன் அறிக்கை நல்லாத்தான் இருக்கு ரெனெல்," என்றார் கெஸ்லர். "ஒரே ஒரு நம்பர்தான் இடிக்குது."

எந்த நம்பர் என்று அவள் கேட்கவில்லை. நாற்பது கஜ ஓட்டம். போன மாதம் அந்தக் கல்லூரி மைதானத்தில், பெண் பார்க்க வந்தவர்களைவிட மோசமாக அவனை அளந்தார்கள். உயரம், கை நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம். கடைசியில் ஓட்டம். கிளப்பிலிருந்து போன மூன்று தேர்வாளர்களும் முடிவுக் கோட்டில் கடிகாரத்தோடு நின்றார்கள். கோல்பி, நாலு புள்ளி ஐந்து இரண்டு நொடி. எல்ட்ரெட், நாலு புள்ளி ஐந்து மூன்று. ரெனெல், நாலு புள்ளி ஐந்து ஒன்பது.

நாலு புள்ளி ஐந்து ஐந்தைத் தாண்டிய ரிசீவர் சுவரில் இருக்கக் கூடாது. இது கெஸ்லரின் விதி. பகுதி யாருடையதோ, அவருடைய கடிகாரம்தான் செல்லும். இதுவும் அவருடைய விதிதான்.

"விரல் கொஞ்சம் லேட்டா அழுத்திடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. உன் நம்பரை எடுத்துடறேன். பையன் அஞ்சாவது சுற்றுல உட்காந்துடுவான். உனக்கும் அதுதானே வேணும்?"

வேணும்தான். அதற்காகத்தானே இந்த அறைக்குள் வந்தாள். ரிசீவர்களின் பயிற்சியாளர் மோப்லி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எழுதித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவருக்கும் லாஸ்டர் வேண்டும்.

கெஸ்லர் நீட்டிய பேனாவை அவள் கையில் வாங்கியும்விட்டாள். மூடியைக் கழற்றினாள். அப்போதுதான் எல்ட்ரெட் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் ஊறினவர்.

"விடு பாப்பா. பொம்பளைங்க கடிகாரம் பிடிச்சா அப்படித்தான். பையன் அழகா ஓடினான், பாத்துக்கிட்டே நின்னுட்ட."

கோல்பி சிரித்தான். இன்னும் ரெண்டு பேர் சிரித்தார்கள்.

ரெனெல் பேனாவை மூடினாள். அவளுடைய அம்மா ஹோமா ஊரில் இறால் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். ரெனெலும் பத்து வயதிலிருந்து அம்மா பக்கத்தில் நின்று உரித்திருக்கிறாள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நொடிக்கு ஒரு இறால் உரித்த கட்டைவிரல் லேட்டாம்!

"எல்ட்ரெட், உங்க அட்டையை எடுங்க."

"எந்த அட்டை?"

"ஓட்டம் முடிஞ்சதும் எழுதினீங்களே, அது. பக்கத்து ஆள் பக்கம் தலையைத் திருப்பறதுக்கு முன்னாடி எழுதணும்கிறதுதானே இங்க வழக்கம்? எடுங்க."

"இதென்ன போலீஸ் ஸ்டேஷனா?"

"எடுய்யா," என்றார் கெஸ்லர்.

எல்ட்ரெட் கோப்பைப் புரட்டி, வியர்வையில் ஓரம் நைந்த அட்டையை எடுத்து வைத்தார். லாஸ்டரின் பெயருக்கு எதிரே ஒரு எண் கோடு போட்டு அடித்திருந்தது. அடித்தாலும் தெரிந்தது. நாலு புள்ளி ஐந்து எட்டு. அதன் மேல், வேறு அழுத்தத்தில், ஐந்து மூன்று.

"கோல்பி கடிகாரத்தை எட்டிப் பாத்துட்டுத் திருத்தினீங்க. கோல்பி, பையன் கையைத் தரையிலிருந்து எடுத்து ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் நீ கடிகாரத்தை அழுத்தின. நான் பக்கத்துலதான் நின்னேன். லேட்டான விரல் என்னுது இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மோப்லி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! உன் வாயாலயே அவனைக் கொன்னுட்டியே!"

அது அவளுக்கும் உறைத்தது. கோபத்தில் ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்த அந்த நிமிஷத்திலேயே லாஸ்டரைச் சுவரிலிருந்து தள்ளியும் ஆகிவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

"அவன் மெதுவாத்தான் ஓடறான். ஒத்துக்கறேன். படத்தைப் போடுங்க. நெருக்கடியான மூணாவது முயற்சியில அவன் பிடிச்ச இருபத்தாறு பந்தையும் பாருங்க. எத்தனை தடவை அவன் பக்கத்துல தடுக்கிற ஆள் நிக்கிறான்? நாலு. வேகமா ஓடறவன் வெட்டித் திரும்பறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைப்பான், தோள் எழும்பும். தடுக்கிறவனுக்கு அதுதான் தந்தி. இவன் குறைக்கிறதே இல்ல. போற வேகத்துலயே திரும்பறான். இவன் எங்க திரும்புவான்னு இவன் அம்மாவுக்கே தெரியாது."

"குறை?" என்றார் கெஸ்லர். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"முதல் அடியில நெஞ்சில கை வெச்சுத் தள்ளினா நின்னுடறான். இடது காலைப் பின்னால இழுக்கிற பழக்கம். பந்து தன்கிட்ட வராத ஆட்டத்துல, கூட்டாளிக்கு வழி கிடைக்க எதிராளியைத் தடுக்கணும்ல, அதுல சோம்பேறி. எல்லாம் எழுதியிருக்கேன். இந்த நம்பர் பொய்னு நான் கையெழுத்துப் போட்டா, மீதி எழுதினது மட்டும் நிஜம்னு யார் நம்புவா?"

கெஸ்லர் தகட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். உள்ளே போட்டார்.

"விதி விதிதான் ரெனெல்."

இழுப்பறை மூடிய சத்தம் ஒன்பது நாள் அவள் காதில் இருந்தது.

கிளப்புகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டின் மூன்றாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பெயரையும் படித்து முடித்தார்கள். முப்பத்திரண்டு கிளப்பில் ஒருவர்கூட லாஸ்டரை எடுக்கவில்லை. அடுத்த நொடியே மீன் சந்தை தொடங்கியது. மிச்சமானவர்களை முந்திக்கொண்டு போனில் பிடிக்க வேண்டும். எல்லா மேசையிலும் ஒரே கூச்சல்.

கெஸ்லர் அவள் மேசைக்கு வந்தார். தகட்டை வைத்தார்.

"விதி சுவருக்குத்தான், போனுக்கு இல்ல. ஒரு இடம் இருக்கு. பத்து நிமிஷத்துல அவன் சரின்னு சொல்லலேன்னா எல்ட்ரெட்டோட ஆளுக்குக் குடுத்துடுவேன்."

முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் யாரோ நண்டுப் பானையை உருட்டுகிற சத்தம், குழந்தை அழுகை. அவன் பெயர் வந்தால் கொண்டாட மூன்று நாளாக வந்திருந்த கூட்டம் கொண்டாட்டமே இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"டெவரிக், நான் ரெனெல், லூயிவில்."

"தெரியும் மேடம். இன்னொரு கிளப்பும் லைன்ல இருக்கு. அவங்க என்னை நாலு அஞ்சு ரெண்டுன்னு சொல்றாங்க. தூரமா ஓடவிட்டு நீளப் பந்தா எறிவாங்களாம்." மூச்சு விட்டான். "உங்க தாள்ல எனக்கு என்ன நம்பர் மேடம்?"

பக்கத்து மேசையில் எல்ட்ரெட் தன் ஆளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிஷம் போயிருந்தது. ஐந்து இரண்டு என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

"நாலு அஞ்சு ஒம்பது," என்றாள்.

வைத்துவிட்டானோ?

"டெவரிக்?"

"இருக்கேன்." குரல் இறங்கியிருந்தது. "காலேஜ்ல மின்சாரக் கடிகாரம் வெச்சு ஆறு தடவை ஓடினேன் மேடம். ஒரு தடவைகூட அதுக்குக் கீழ வரல. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல." பிறகு, "இது தெரிஞ்சும் எதுக்குக் கூப்பிடறீங்க?"

அவள் அறிக்கையை எடுத்து அப்படியே படித்தாள். இருபத்தாறு பந்து. குறையாத வேகம். இழுக்கிற இடது கால். சோம்பேறி.

"சோம்பேறியா? கணுக்கால் சுளுக்கு மேடம் எனக்கு!"

"சுளுக்கினது நவம்பர்ல. செப்டம்பர்ல என்ன சாக்கு?"

சிரித்துவிட்டான். சட்டென்று நிறுத்தினான். "அவங்ககிட்டப் போனா முதல் வாரத்துலயே மைதானத்துல ஓடவிடுவாங்க. அந்த நாலு அஞ்சு ரெண்டு எங்கன்னு கேட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, இல்ல?"

"எனக்குத் தெரியாது. இங்க அந்தக் கேள்வி வராது. அது மட்டும் தெரியும்."

எட்டு நிமிஷம். கெஸ்லர் தூரத்திலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எல்ட்ரெட், சரி வாங்கிவிட்டதாகக் கையை உயர்த்தினார்.

"நெஞ்சில தள்ளினா நிக்கிறேன்னு எழுதியிருக்கீங்களே," என்றான் லாஸ்டர். "அங்க வந்தா அதை யார் சரிபண்ணுவா?"

ரெனெல் போனை மோப்லியிடம் நீட்டினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து அவர் அதைப் பிடுங்கினார்.

"டேய், முதல்ல எழுந்து நில்லு. சுவரைப் பாத்து நில்லு. உன் இடது கால் இப்ப எங்க இருக்கு, சொல்லு."

போனின் அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தமும், "பின்னாலதான் இருக்கு கோச். சரி, வரேன்," என்கிற குரலும் கேட்டன. ரெனெல் மார்க்கரை எடுத்து, தகட்டில் அவன் பெயருக்குக் கீழே நாலு புள்ளி ஐந்து ஒன்பது என்று எழுதி, கெஸ்லர் பார்க்கும்படியாகத் தூக்கிப் பிடித்தாள்.