‘பின்’ படத்துக்குத் தேவைப்பட்ட தலை

மருத்துவ உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. குழந்தைகளின் மூளையில் அபூர்வமாகக் குடியேறும் ஒரு பாக்டீரியாவை நரம்பியல் பேராசிரியர் விரட்டியடித்த வரலாறு, மாநாட்டில் மதிய உணவுக்கு முந்தைய பேருரையாக அமையவிருந்தது. திரையில் காட்ட இரண்டு ஸ்கேன் படங்கள். ‘முன்’: வெள்ளை வளையங்களாகச் சீழ்க்கட்டிகள். பேராசிரியர் அதை அழகான படம் என்பார். ‘பின்’: கட்டிகள் கரைந்த மூளை. இதில்தான் சிக்கல். அசையாமல் இருப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஸ்கேன் இயந்திரத்துக்குள் போன சிறுமி வாலு, அது தட்டிய தாளத்துக்குத் தலையாட்டிவிட்டாள். படம் கலங்கிவிட்டது. சிகிச்சைக்கு அது போதும்; திரைக்குப் போதாது.

அந்த மூளைக்குச் சொந்தக்காரியான ஐந்து வயது வாலு இப்போது பேராசிரியரின் சுழல்நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பேருந்து நடத்துநரான அவள் அம்மா, சீருடையோடு எதிரே நின்றாள். இம்முறை மயக்க மருந்து கொடுத்தே படத்தை எடுத்துவிடலாம் என்றும், வருங்காலக் குழந்தைகள் வாழ்த்துவார்கள் என்றும் பேராசிரியர் விளக்கினார். அறிவியல் என்ற சொல் அடிக்கடி வந்தது.

“எடுக்கலன்னா இவளுக்கு என்ன ஆகும்?”

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். ஓரமாக நின்ற பயிற்சி மருத்துவர், பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். “ஒண்ணும் ஆகாதுங்க. நல்லாத்தான் இருக்கா.”

பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும் என்று பேராசிரியரின் குரல் உயர்ந்தது. நெரிசலில் பின்படிக்கட்டு வரை கேட்கிற குரல் அம்மாவுடையது. அதை அவள் உயர்த்தவேயில்லை.

“மாசக்கணக்கா நீங்க ஊசி போட இவ கையை அமுக்கிப் பிடிச்சது நான்தான் சார். ஏன்மா விடமாட்டேங்குறேன்னு என்னைத்தான் கேட்டா. அது உசுருக்கு. பிடிச்சேன். உங்க படத்துக்கெல்லாம் பிடிக்க மாட்டேன்.”

“இது எவ்வளவு அபூர்வமான கேஸ் தெரியுமாம்மா?”

“தெரியும் சார். எனக்கு ஒண்ணுதான் இருக்கு.” மகளிடம் திரும்பினாள். “இறங்குடி. நம்ம ஸ்டாப் வந்தாச்சு.”

வாலு இறங்கினாள். தலை சுற்றியதால் பேராசிரியரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிதானித்துக்கொண்டு, நேராக நடந்து போனாள். நாற்காலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மாநாட்டில் ‘பின்’ என்ற தலைப்பின் கீழ், வாலு தலையாட்டியதில் கலங்கிய அந்தப் பழைய படமே திரையேறியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதிப் பேர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள்.