ஊதாவாகிப் போன பென்சில்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் நாத்தனார் சொன்னது. பழைய நூல்களையும் ஆவணங்களையும் எப்படிக் காப்பது என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், தட்டில் கையை வைத்தபடி சாப்பிடாமல் இதைச் சொன்னாள். சில வாரம் கழித்து மறுபடி சொன்னாள். இரண்டும் ஒன்றாக இல்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோல..."

[நிறுத்திவிட்டேன். கண்ணாடிபோல இல்லாத தண்ணீரைக் கதைகளில் நான் பார்த்ததே இல்லை.]

2

செய்முறைக்கூடத்தில் ஆழமில்லாத ஒரு தொட்டி. கடைசி ஆண்டு மாணவி ஒருத்தி, தன் தேர்வுப் பணியாக, கையால் வரைந்த பழைய தெரு வரைபடம் ஒன்றை அலசப்போகிறாள். தாளில் ஊறிய அமிலம் தண்ணீரில் இறங்கிவிட்டால் தாளின் ஆயுள் கூடும். நனைப்பதற்கு முன் ஒவ்வொரு மையின்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். மாணவி கறுப்பைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு குடியிருந்தவர்களின் பெயரை யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்க்கவில்லை. பென்சில் தண்ணீரில் கரையாதே.

சாயம் கலந்த பென்சில் என்று ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்வரை மற்றதைப்போலவே சாம்பல் நிறம், நனைந்தால் ஊதா. தாள் உள்ளே போனதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஊதாப் புகை கிளம்பியது.

[நாத்தனார் "பூ மாதிரி" என்றாள். அவ்வளவு அழகாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.]

ஒரு பெயரும் மிஞ்சவில்லை. வேறு பிரதியும் கிடையாது.

3

மாணவியின் பக்கத்தில் நின்ற தோழிதான் பேசினாள்: "மேடம், பென்சில டெஸ்ட் பண்ண வேணாம்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க?"

நாத்தனார் அப்படிச் சொன்னாளா? முதல் தடவை என்னிடம், சொல்லியிருக்கவே மாட்டேன் என்றாள். அடுத்த தடவை, சொல்லியிருப்பேன் என்றாள். வகுப்பு முடிகிற அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டு, சாயப் பென்சிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். மாணவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் மட்டும், அன்றைக்குத் தூங்கிவிட்டதாக நேர்மையாக ஒப்புக்கொண்டானாம்.

சொல்லியிருந்தால் தவறு நாத்தனாருடையது, மாணவி தேறிவிடுவாள். இல்லையென்றால் மாணவிக்குத் தோல்வி. ஆவணக் காப்பகத்தில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் போய்விடும்.

பழியைத் தானே ஏற்றுக்கொள்கிற நல்லவளாக நாத்தனாரை எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டு எரிந்து விழுந்தாள்.

"என்ன அண்ணி, என்னை சாமியாக்கி மூலைல உக்கார வெக்கிறீங்க? நான் சொல்லவே இல்லேன்னா, சொன்னேன்னு சொல்றது பொய்தானே? நாளைக்கு அவ தொடுற தாளுக்கெல்லாம் யாரு பொறுப்பு?"

"அப்ப சொல்லலேன்னு எழுதட்டுமா?"

"அதுவும் தெரியலையே."

4

விசாரணை நாள். மேசைமேல் ஊதாத் திட்டுகளோடு வரைபடம் கிடக்கிறது. பென்சிலைச் சோதிக்க வேண்டாம் என்று இவர் சொன்னாரா என்று துறைத்தலைவர் மாணவியைக் கேட்கிறார்.

மாணவி தலையைக் குனிந்தபடி, "இல்ல சார். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணத்தான் சொன்னாங்க. நான்தான் பண்ணல" என்கிறாள்.

நாத்தனாருக்குக் குழப்பம் தீர்ந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. இவள் உள்ளதைச் சொல்கிறாளா, என்னைக் காப்பாற்றுகிறாளா? காப்பாற்றுகிறாள் என்றால் எதற்காக? மாணவியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க மேடம்?" என்று துறைத்தலைவர் இவள் பக்கம் திரும்புகிறார்.

[இங்கே "சொன்னேன்" என்று ஒரு பக்கம் எழுதினேன். "சொல்லவில்லை" என்று ஒரு பக்கம். இரண்டிலும் அச்சு அசலாக அவள் குரல். "தெரியாது" என்று எழுதிய பக்கம் பாதியில் நிற்கிறது. தெரியாது என்பதற்கு மதிப்பெண் போடத் துறைத்தலைவருக்கும் தெரியவில்லை.]

அன்று தான் சொன்ன பதிலை என்னிடம் சொல்ல வந்தாள். வேண்டாம் என்று கையமர்த்தினேன். அதை எழுதினால் அவளுக்கு நினைவு வந்துவிட்டதாக நீங்கள் நம்பிவிடுவீர்கள். இன்றுவரை வரவில்லை.

அதனால் விசாரணை நாற்காலியிலிருந்து அவளை மெல்ல எழுப்பி வெளியே அனுப்புகிறேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். துறைத்தலைவர் காத்திருக்கிறார். மாணவி இப்போதுதான் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறாள்.